பட்டன் அறுத்த ஸ்வெட்டர்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் அண்ணன் போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் நீயும் எனக்கு எழுதவில்லை, நானும் உனக்கு எழுதவில்லை. அப்படியே இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி. இன்றைக்கு என்னை எழுத வைத்தது ஒரு யானை.

மதியம் ஒன்றரை மணிக்கு ஸ்டேஷனில் என் கவுண்டருக்கு ஒரு குடும்பம் வந்தது. இரண்டு பெட்டியும் ஒரு மூட்டையும் வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். நான் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தேன். கையில் மாவுக்கட்டோடு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி எட்டி ஒரு பின்னல் யானையைக் கவுண்டர்மேல் வைத்தாள். "இதுக்கும் டோக்கன் குடுங்க" என்றாள். விளையாட்டாக ஒரு டோக்கனைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் யானையைப் பார்த்தேன். சாம்பல் நிறமும் கத்தரிப்பூ நிறமும் சேர்த்து முறுக்கிய நூல். அப்படியொரு கலப்பு உலகத்தில் ஒரே ஒரு ஸ்வெட்டரில்தான் உண்டு. அதைப் பத்து வருடம் துவைத்துக் காயப்போட்டவள் நான். எனக்குத் தெரியாதா?

அவள் அம்மாவைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற பொம்மை ஆன்ட்டி குடுத்தாங்க. எல்லாக் குழந்தைங்களுக்கும் சும்மாவே குடுப்பாங்களாம். ரொம்ப நல்ல மனசு அவங்களுக்கு" என்றாள். நல்ல மனசு.

நவம்பரில் உங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவரிடம் அந்த ஸ்வெட்டரைக் கொடுத்து உன்னிடம் சேர்க்கச் சொன்னேன். வலது முழங்கையில் ஓட்டை. பின்னியவள் நீ என்பதால் அடைக்கத் தெரிந்தவளும் நீதான் என்று அனுப்பினேன். இரண்டு மாதமாக வரவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம், நிதானமாகச் செய்கிறாள், நன்றாகச் செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைப் பற்றி நான் நல்லதாக நினைத்தது அதுதான் கடைசி.

அதைப் பிரித்துவிட்டாயா? ஒரே வார்த்தையில் பதில் எழுது.

உன் அண்ணி


ஜனவரி 14

அண்ணிக்கு,

ஆமாம்.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை அது. இனிமேல் வருவதெல்லாம் என் வார்த்தைகள்.

எக்ஸ்ரே மேசையைப் பார்த்ததும் அலறுகிற குழந்தையிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, முதலில் பொம்மையைப் படுக்க வைத்துப் படம் எடுப்பதாகப் பாவனை செய்வேன். அடுத்து அதுவே போய்ப் படுக்கும். ஆடாமல் படுத்தால் பொம்மை அதற்குத்தான். பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். "வேலை வெட்டி இல்லாதவ வேலை" என்று நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது.

அந்தப் பொம்மையில் பட்டன், கொக்கி எதுவும் இருக்கக் கூடாது. படத்தில் விழும். சின்னக் குழந்தை என்றால் வாயில் போட்டு விழுங்கும். அதனால் பழைய ஸ்வெட்டர் கொடுப்பவர்களிடம் நான் சொல்லி வைத்திருப்பது ஒன்றே ஒன்று. பிரிக்கக் கொடுப்பதென்றால் பட்டனை அறுத்துவிட்டுக் கொடுங்கள். பட்டனோடு வந்தால் ஓட்டை அடைத்துத் திருப்பித் தருவேன். பட்டன் இல்லாமல் வந்தால் பிரித்துவிடுவேன். என் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் காவல்காரர் வரைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கத்திரிக்கோலும் கையுமாக, மூன்று ஸ்வெட்டருக்கு நீங்களே பட்டன் அறுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

நவம்பரில் வந்த பையில் அண்ணனின் ஸ்வெட்டர் இருந்தது. ஆறு பட்டனில் ஒன்றுகூட இல்லை. துண்டுச் சீட்டும் இல்லை. டிரைவரைக் கேட்டேன். "உங்க அண்ணி குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்றார். நான் என்ன நினைக்க வேண்டும்? அண்ணன் போய் ஆறு மாதம் முடிவதற்குள் அவர் போட்டிருந்ததைப் பொம்மைக்குத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்த நூலின் கதை உங்களுக்கு முழுசாகத் தெரியாது. சாம்பல் நிறம் போதாமல், கத்தரிப்பூ நிறத்தைச் சேர்த்து முறுக்கியது நான். ஒவ்வொரு சிட்டத்தையும் இரண்டு கையிலும் வளையமாக மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவர் அண்ணன். நான் நுனியைப் பிடித்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டே போவேன். சின்ன வயதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் அப்படித்தான். சும்மா எதிரெதிரே உட்காரச் சொன்னால் எங்களுக்கு வாயே வராது. நடுவில் நூல் ஓடினால் அவர் ஆபீஸ் சண்டை, என் கல்யாணம் நின்றது எல்லாம் தானாக வரும்.

அதைப் பிரித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டீர்கள். அழுதேன். அழுதுகொண்டே பிரித்தேன். ஏழு பொம்மை வந்தது. ஏழையும் கொடுத்துவிட்டேன்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 18

நாத்தனாருக்கு,

அழுதாயாம். எதிரில் இருந்திருந்தால் துண்டு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பட்டன் இல்லையென்றால் பிரித்துவிடுவாயா? முழங்கையில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்ததே, அது கண்ணில் படவில்லையா? டோக்கனைத் தொலைத்துவிட்டு வருகிறவனின் பெட்டியைக்கூட நான் குப்பையில் போடுவதில்லை. மூன்று மாதம் வைத்திருப்பேன். நாலு தடவை கேட்பேன். நீ ஒரே ஒரு வரி எழுதி "அண்ணி, இதைப் பிரிக்கவா?" என்று கேட்டிருந்தால் உன் விரல் தேய்ந்து போயிருக்குமா?

நான் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பாய். உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான். அதை மறைக்கவில்லை.

பெட்டி வைக்கிற அறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. பின்பக்கக் கதவு தண்டவாளத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். காலை ஐந்தரை ஷிஃப்டில் காற்று நேராக முதுகில் அடிக்கும். அவர் போன பிறகு தினமும் அந்த ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு போனேன். எனக்குத் தொளதொளவென்று இருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று போட்டேன். அதனால்தான் முழங்கை போனது. கவுண்டரில் ஊன்றி ஊன்றிப் போனது என் முழங்கையால். இந்தக் குளிரில் அவருடையது என்று என்மேல் ஒன்றும் இல்லை.

எனக்கு அது வேண்டும். ஏழு பொம்மை என்கிறாய். ஏழு விலாசம் எழுதி அனுப்பு. உங்கள் ரெஜிஸ்டரில் இருக்கும். நானே போய் வாங்கிக்கொள்கிறேன். நீ ஒரு துரும்பையும் அசைக்க வேண்டாம்.

அண்ணி


ஜனவரி 27

அண்ணிக்கு,

விலாசம் தர மாட்டேன். நோயாளிகளின் விலாசத்தை வெளியே கொடுத்தால் என் வேலை போய்விடும். போகாது என்றாலும் தர மாட்டேன்.

உங்களுக்குப் பொருள் என்றால் உள்ளே வரும், டோக்கனைக் காட்டினால் வெளியே போகும். என்னிடம் அப்படி இல்லை. கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தச் சாம்பல் பொம்மைகளில் ஒன்று, இடுப்பு எலும்பு சேராமல் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிற பெண்ணிடம் இருக்கிறது. அது பூனையா நாயா என்று எனக்கே தெரியாது, பாதியில் மனசு மாறிப் பின்னியது. அவள் அதற்கு "மாமா" என்று பெயர் வைத்திருக்கிறாள். நீங்கள் போய், "இது என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர், மாமாவைக் கொடு" என்று கேட்பீர்களா? கேட்பீர்கள். உங்களைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறேன், தர மாட்டேன்.

ஆனால் நீங்கள் ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. நழுவிவிட்டீர்கள். அடைக்கத்தான் அனுப்பினீர்கள் என்றால் பட்டனை ஏன் அறுத்தீர்கள்? தினமும் போட்டுக்கொண்டு போன ஸ்வெட்டரில் ஆறு பட்டனும் ஒரே நேரத்தில் எப்படிக் காணாமல் போகும்? பிரிக்கட்டும் என்றுதான் அனுப்பினீர்கள். பிறகு அந்த யானையைப் பார்த்ததும் மனசு மாறியது. பழியை என் தலையில் போடுகிறீர்கள். காதில் பூ சுற்ற வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இரண்டு வருடமாக நெஞ்சில் கிடக்கிறது. கேட்டுவிடுகிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் போன் செய்து, "இனிமே வர வேணாம்மா, அவர் வர வேணாங்கறார்" என்றீர்கள். காரணம் கிடையாது. அதற்கப்புறம் நான் போன் செய்யும்போதெல்லாம் அவர் நாலு வார்த்தை பேசுவார். பக்கத்தில் உங்கள் மூச்சு கேட்கும். அண்ணனும் தங்கையும் பேசுவதை ஒட்டுக்கேட்க, போனை நீங்களே பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு தடவை சொல்லாமல் வந்தேன். கதவைப் பாதி திறந்து, "தூங்குறார்" என்று வாசலிலேயே நிறுத்தினீர்கள். அப்போது உள்ளே ஸ்பூன் விழுகிற சத்தம் கேட்டது. தூங்குகிறவர் கையில் ஸ்பூன் எதற்கு?

என் அண்ணனை என்னிடமிருந்து பிரித்தது யார்? நான் பிரித்தது ஒரு ஸ்வெட்டரை மட்டும்தான்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

நீ விலாசம் தராவிட்டால் என்ன, எனக்குக் கால் இருக்கிறது.

போன புதன்கிழமை உனக்கு ஓய்வு நாள் என்று டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே, அந்தப் பச்சை பெஞ்சில், காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். காவல்காரர் மூன்று முறை வந்து, "உங்களுக்கு எந்த இடத்துல வலி?" என்று கேட்டார். எங்கே என்று சொல்வது?

கடைசியில் இருமலோடு ஒரு பையன் இரண்டாவது படத்துக்கு வந்தான். அவன் அப்பாவின் பையில் முயல் எட்டிப் பார்த்தது. சாம்பலும் கத்தரிப்பூவும். கேட்டேன். "எடுத்துக்கங்கம்மா. அவனுக்கு இப்ப லாரிதான் பிடிக்குது" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். பார், நீ உயிரைக் கொடுத்துப் பின்னுவதன் மதிப்பு அவ்வளவுதான்.

யானையை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அவர்கள் வந்த அன்று சாயங்காலமே, பெட்டி எடுக்கத் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் அம்மாகூடக் கொடுக்கச் சொன்னாள். அந்தக் குட்டி நான் மதியம் கிழித்துக் கொடுத்த டோக்கனை எடுத்து நீட்டினாள். "டோக்கன் எங்கிட்டதான இருக்கு?" என்றாள். முப்பது வருடமாக நான் எல்லோரிடமும் சொல்கிற சட்டம். வாயை மூடிக்கொண்டு யானையைக் கொடுத்தேன். அது ரயிலேறிப் போய்விட்டது.

முயலை வீட்டுக்குக் கொண்டுவந்து நுனி தேடினேன். இரண்டு நாள் தேடினேன். கண்ணாடி போட்டுத் தேடினேன், போடாமல் தடவித் தேடினேன். கிடைக்கவில்லை. ஆத்திரத்தில் கத்திரிக்கோலை எடுத்து அதன் கழுத்தை அறுத்தேன். சாண் சாணாக நூல் துண்டுதான் வந்தது. உள்ளே அடைத்திருந்த பழைய துணியோடு துணியாக ஒரு பின்னல் துண்டு வந்தது. விரித்துப் பார்த்தால் வலது முழங்கை. இற்றுப்போன இடத்தைப் பிரிக்க முடியாமல் வெட்டி உள்ளே திணித்திருக்கிறாய். சரிசெய்யக் கொடுத்தது ஓட்டை. எனக்குத் திரும்பி வந்ததும் அந்த ஓட்டைதான்.

நுனியை எங்கே ஒளிக்கிறாய்? அதை மட்டும் சொல்.

பட்டன் விஷயம் உனக்குத் தேவையில்லாத கதை. மற்றதும் அப்படித்தான்.

அண்ணி


பிப்ரவரி 16

அண்ணிக்கு,

நீங்கள் வந்துபோனதைக் காவல்காரர் சொன்னார். "உங்க அண்ணியா அது? பாவம், மனசு சரியில்லாதவங்கன்னு நெனச்சேன்" என்றார். நான் மறுக்கவில்லை.

முயலின் கழுத்தை அறுத்தேன் என்று வாய் கூசாமல் எழுதுகிறீர்கள். அறுத்த நூல் அறுத்ததுதான். அதை வைத்து இனி ஒரு விரலுக்குக்கூட உறை பின்ன முடியாது. ஒரு நாள் பொறுத்து என்னைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை என்று என்னைக் குதறினீர்களே, நீங்கள் கேட்டீர்களா?

கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தில் ஆரம்பித்து உச்சந்தலையில் முடிப்பேன். நுனியை ஊசியில் கோத்து உள்ளே இறக்கி, இடது காதுக்குப் பின்னால் எடுத்து, நாலு தையலுக்கு அடியில் ஒளித்துவிடுவேன். அதைப் பிடித்து இழுத்தால் தலையும் உடம்பும் ஒரே இழையாக, முணுமுணுக்காமல் வரும். யாரும் இழுக்கக் கூடாது என்றுதான் காதுக்குப் பின்னால் வைக்கிறேன்.

இப்போது ஒரு உண்மை. ஏழையும் கொடுத்துவிட்டேன் என்று எழுதியது பொய். நாலைத்தான் கொடுத்தேன். கரடி, வாத்து, இன்னொரு முயல், இந்த மூன்றும் என்னிடம் இருக்கின்றன. எக்ஸ்ரே அறை அலமாரியில், ஈயக் கவசம் மாட்டுகிற கொக்கிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒன்றை எடுத்து மேசையில் வைப்பேன். குழந்தை உள்ளே வருவதற்குள் வேறு நிறத்தை மாற்றி வைத்துவிடுவேன். கொடுத்தால் கொடுத்ததுதான் என்று உங்களிடம் வீராப்பாக எழுதினேன். அந்த மூன்றையும் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆனால் சும்மா அனுப்ப மாட்டேன். உங்கள் சட்டப்படியே வருகிறேன். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வர வேண்டும். பட்டன் எங்கே போனது? வராதே என்றது யார்? அதுதான் டோக்கன். காட்டிவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரவில்லையென்றால் மூன்றையும் திங்கட்கிழமை வருகிற முதல் மூன்று குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவேன். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 25

நாத்தனாருக்கு,

மிரட்டிக் கேட்கிறாய். சரி, கேள். உன் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை இன்றைக்கு உடைக்கிறேன். அந்தப் பாவம் உன்னைச் சேரும்.

உன் அண்ணனுக்குக் கை நடுக்கம் வந்தது. முதலில் வலது கை, பிறகு இரண்டும். நீ வருவதை நிறுத்தியதற்கு ஒரு மாதம் முன்னால் ஆரம்பித்தது. இது குறையாது, கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று இரண்டு பஸ் மாறி வேறு இடத்துக்குப் போனோம். கடைசியில் அவரைக் கொண்டுபோனது நிமோனியா என்று உன்னிடம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை.

வராதே என்றது அவர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள். "அவ வந்தா நூல் பிடிக்கச் சொல்லுவா. கைய நீட்டினா தெரிஞ்சுபோயிடும். வர வேணாம்னு சொல்லிடு." நான் எவ்வளவோ சொன்னேன், தங்கைதானே, தெரிந்தால் என்ன என்று. "அவளுக்குத் தெரியக் கூடாது. நீ சொன்னா என் மேல சத்தியம்" என்றார். நான் வில்லியானேன்.

போனில் என் மூச்சு கேட்டதாக எழுதியிருந்தாயே. போனை அவரால் காதில் வைத்துப் பிடிக்க முடியாது. நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வாசலில் நின்ற அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் குரல் கேட்டதும் ஸ்பூன் விழுந்தது. நீ போன பிறகு வெகுநேரம் அதை எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பட்டனைக் கேட்டாய். அவர் விரலால் பட்டன் போட முடியவில்லை. நான் போட்டுவிட வந்தால் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதனால் ஆறையும் அறுத்துவிட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்தேன். அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அதையும் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்துவார். உன்னிடம் அனுப்புவதற்கு முன்னால் அந்த வெல்க்ரோவைப் பிரித்து எடுத்துவிட்டேன். ஏன் தெரியுமா? உனக்குக் கண் கூர்மை. வெல்க்ரோவைப் பார்த்தால் எதற்கு என்று கேட்பாய், கை என்று கண்டுபிடித்துவிடுவாய். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு என்று பயந்தேன். முழங்கை சரியாகி வந்ததும் பட்டனை நானே தைத்துக்கொள்ளலாம் என்று ஆறையும் டப்பாவில் போட்டு வைத்தேன். உன் சட்டம் அப்போது என் நினைவிலேயே இல்லை. அது என் தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னும் இருக்கிறது. இதை எழுதத்தான் ஒன்பது நாளாயிற்று.

நீ கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சோபாவுக்கு அடியில் ஒரு சிவப்புச் சிட்டத்தை விட்டுப் போனாய். தினமும் சாயங்காலம் அதை எடுத்துத் தன் கையில் மாட்டச் சொல்வார். எதிரே என்னை உட்கார வைத்துச் சுற்றச் சொல்வார். ஒரு சிட்டம் முடிகிற வரைக்கும் ஆடாமல் பிடித்துவிட்டால் உன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார். எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. ஆனால் அந்த ஒரே சிவப்பு நூலை எத்தனை நூறு தடவை சுற்றினேன், பிரித்தேன் என்று கணக்கில்லை. பாதியில் கை ஆடும். நூல் நழுவும். சிக்கும். நான் உட்கார்ந்து சிக்கெடுப்பேன். இருக்கிற கொஞ்ச நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே, உன் நூலைப் பிடிக்கத்தானே பழகினார் என்று எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. உன்னைக் கண்டால் பிடிக்காததற்கு உனக்குக் காரணம் வேண்டுமென்றால் அதுதான்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ நழுவியது. "கொஞ்சம் ஆடாம பிடிக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் கையை நீட்டவே இல்லை. அதற்கப்புறம் ஏழு வாரம்தான் இருந்தார்.

டோக்கனைக் காட்டிவிட்டேன். பொம்மைகளை டிரைவரிடம் கொடுத்தனுப்பு. நீ வராதே.

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். வெகுநேரம் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டாக்டர் திட்டினார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சத்தியமாவது ஒன்றாவது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தால் நான் வந்து, நூலே எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பேன். எங்களுக்கு வாய் வராவிட்டால் போகிறது. ஒன்றரை வருடம் என்னை வாசலில் நிறுத்தினீர்கள். அவர் சொன்னார் என்று நிறுத்தினீர்கள். அவர் சொல்வதையெல்லாம் கேட்கிற ஆளா நீங்கள்? இதில் மட்டும் கேட்டீர்கள்.

என்மேலும் கோபம் இருக்கிறது. பட்டன் பட்டியில் வேறு எதையோ தைத்துப் பிரித்த ஊசித் தடம் வரிசையாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று கத்திரிக்கோலை எடுத்தேன். நாள் முழுக்க எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடுகிறவளுக்கு அதை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க முடியவில்லை. அவரைக் கடைசியாகப் படுக்கவைத்திருந்தபோது கையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அசையாமல் இருந்தது.

முந்தாநாள் ஒரு வேலை செய்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கொடுத்த பொம்மையைத் திருப்பிக் கேட்டேன். ஒரு மீன், கைக்குழந்தைக்குக் கொடுத்தது. அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கொடுத்தாள். பதிலுக்கு மஞ்சளில் ஒரு மீன் கொடுத்தேன். ஆனாலும் அவள் வீட்டுப் படியிறங்கி வரும்போது எனக்கு முகம் எரிந்தது. இடுப்பு எலும்பு சேராத பெண்ணிடம் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கக் கூடாது. அவளிடம் அந்த "மாமா" இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக நாலு பொம்மை. நாலையும் பிரித்துவிட்டேன். ஒளித்த நுனியைப் பிடித்து இழுத்தேன், ஒரே இழையாக வந்தது. சிட்டமாக்கி, வெந்நீரில் அலசி, சுருக்கம் போகக் கனம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும். எடை பார்த்தேன். முன்னும் பின்னும் வரும், கை வராது. கையில்லாத ஸ்வெட்டர்தான் உங்களுக்கு. முதுகுக்கு அது போதும். டப்பாவில் இருக்கிற பட்டனைத் தைப்பதா, வெல்க்ரோ வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் அதில் தலையிட மாட்டேன்.

பின்ன வேண்டுமென்றால் முதலில் உருண்டையாகச் சுற்ற வேண்டும். அண்ணன் வீட்டுக்கு நான் வராமலான பிறகு நாற்காலி முதுகில் சிட்டத்தை மாட்டித்தான் சுற்றுகிறேன். இந்த நூலை நாற்காலியில் மாட்ட மாட்டேன். டிரைவரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வராதே என்று நீங்கள் எழுதியது இந்தத் தடவை என்னிடம் செல்லாது. கதவை முழுசாகத் திறங்கள். சமைக்க வேண்டாம். நலம் விசாரிக்கவும் வேண்டாம். எனக்கு உங்களிடம் பேச ஒன்றுமில்லை.

அவர் உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருகிறேன். நான் பிடிக்கிறேன், நீங்கள் சுற்றுங்கள். அத்தனை நூறு தடவை சுற்றிப் பழகிய கை உங்களுடையது. நேற்று தனியாகக் கையை நீட்டிப் பார்த்தேன், எனக்கும் ஆடுகிறது. நோய் இல்லை, உங்கள் கடிதம்தான். நூல் நழுவும். சிக்கும். நீங்கள் கத்துவீர்கள்.

எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள் அண்ணி. நான் கையை மடக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்